பஞ்சு குடித்த சத்தம்

பெட்டியில் காற்று கசிகிறதா என்று கண்டுபிடிக்க முத்தமிழ்செல்வனிடம் ஒரு வழி இருந்தது. ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதக் கோனை இரண்டு விரலால் மெல்ல உள்ளே அழுத்தி விட்டுவிட வேண்டும். எங்காவது சந்து இருந்தால் கோன் சட்டென்று துள்ளி வெளியே வந்துவிடும். ஒட்டு சரியாக இருந்தால் மெதுவாக, மனசே இல்லாததுபோல் வந்து நிற்கும்.

வலது பெட்டியின் கோன் மெதுவாக வந்து நின்றது.

இடது பெட்டியின் கோனும் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே பிதுங்கியது. பிறகு தானாகவே உள்ளே போனது. மறுபடியும் வெளியே வந்தது.

அவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியின் பின்னாலிருந்து வந்த இரண்டு வயர்களும் எதிலும் மாட்டாமல் தரையில் மரத்தூள்மேல் கிடந்தன. ஆம்ப்ளிஃபையர் இன்னும் அட்டைப் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை.

தகரக் கொட்டகை. ஆடி மாசத்து வெயில். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரிந்து சுருங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையிலிருந்த பசையை உரித்தான்.

ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் கொல்லையில் இருக்கும் இந்தக் கொட்டகைதான் அவனுக்கு எல்லாம். மற்றவர்கள் சீட்டாடுகிற நேரத்தில் அவன் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்தான். ஆரம்பத்தில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கேட்டவன், பிறகு ரம்பம் பிடிக்கக் கற்றான், இழைப்புளி பிடிக்கக் கற்றான், பிளைவுட்டில் பென்சிலால் வட்டம் போட்டு, கோடு தாண்டாமல் அறுக்கக் கற்றான். கிளாம்ப் வாங்க வசதியில்லாதபோது பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, பசை காயும்வரை பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். இப்போது வசதி வந்த பிறகும் அதேதான். டியூப் போல எதுவும் இறுக்காது என்பான்.

ஊரில் பாதி வீட்டில் அவன் செய்த பெட்டி இருந்தது. அவன் வீட்டில் மட்டும் இல்லை. அப்பா வைத்திலிங்கம் பக்கவாதத்தில் விழுந்து கட்டிலில் கிடந்த இரண்டு வருஷமும் பாட்டுப் போட யாருக்கு மனசு வரும்? சித்திரையில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விநோதமான அமைதி. இரவும் பகலும் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சு நின்றுவிட்ட அமைதி. கர்ரென்று இழுத்து, நடுவில் தொண்டையில் எதிலோ தடுக்கி நின்று, பிறகு புஸ்ஸென்று விடும். அந்த நடுவில் நிற்கிற நேரத்தில் வீட்டில் எல்லாரும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த அமைதியை நிரப்பத்தான் இந்த ஜோடிப் பெட்டி. தனக்காக, முதல் முறையாக.

ஆனால் அப்பாவின் கட்டில் காலியாக இருக்கவில்லை. போர் பம்பு போட்ட ஈரத்தில் வழுக்கி விழுந்து அவன் மனைவி ஹேமலதாவுக்கு வலது கால் முறிந்துவிட்டது. தொடைவரை மாவுக்கட்டு. வீட்டில் இருந்த ஒரே இரும்புக் கட்டிலில் அவளைக் கிடத்தினார்கள்.

மாமியார் கலியம்மாள்தான் எல்லாம் பார்த்தாள். மூத்திரப்பீ அள்ளினாள். தலை வாரி விட்டாள். ஊட்டி விட்டாள். இரண்டு வருஷம் புருஷனுக்குச் செய்த அதே கைகள்.

"எம்புட்டு வலி பாரு புள்ளைக்கு. மூஞ்சி எப்படிச் சுருங்குது. யாருடா தம்பி கண்ணால பாக்குறது இத?" என்று மகனிடம் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அம்மா மாதிரி யார் வருவார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு வருவாள். அவன் கன்னம் இரண்டையும் உள்ளங்கையால் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். படபடவென்று ஒரே ஓட்டமாக முறியும். கடைசிச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் நேரம் கழித்து, தனியாக, 'டக்'. கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டுக் கோணிப்போன விரல் அது.

"எந்தக் கண்ணும் படாம போயிட்டு வா சாமி."

பஞ்சு வாங்கிய அன்றும் அப்படித்தான் போனான்.

பஞ்சுதான் இதில் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஸ்பீக்கர் முன்னால் எவ்வளவு சத்தம் போடுகிறதோ அவ்வளவு சத்தம் பின்னாலும், பெட்டிக்குள்ளேயும் போடும். அதை அப்படியே விட்டால் உள்ளே முட்டி மோதி, பாடுகிறவர் பீப்பாய்க்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும். அதற்குத்தான் உள்ளே பஞ்சு வைப்பது. பஞ்சு சத்தத்தைக் குடித்துவிடும். இலவம் பஞ்சைப் போலக் குடிக்கிறது வேறு எதுவுமில்லை.

அரியலூரிலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்தான். வலது பெட்டியை நிரப்பி முடித்து, இடது பெட்டிக்காக மீதியை எடுக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

"இத்தன பஞ்சையும் பொட்டிக்குள்ள போட்டு அடைக்கப் போறியா? அந்தப் புள்ள தலைக்குத் துணிய சுருட்டி வச்சுக்கிட்டுக் கெடக்குது. குடுடா, ஒரு தலகாணி தச்சுத் தரேன்."

கொடுத்துவிட்டான். கொடுக்காமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே பூப்போட்ட உறைபோட்டு ஒரு தலையணை ஹேமலதாவின் தலைக்குக் கீழே வந்துவிட்டது.

இடது பெட்டிக்குப் பஞ்சு இல்லை. பரணில் பழைய மெத்தை ஏதாவது கிடக்குமா என்று ஏணி போட்டு ஏறினான். உரச் சாக்குகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டித் திணித்து வைத்தாற்போல் ஒரு தலையணை இருந்தது. பச்சைக் கோடு போட்ட உறை. தைல வாசனை.

அப்பாவுடையது.

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. செத்தவர் படுத்த பாயும் தலையணையும் பாடையோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டில் வைக்கக் கூடாது. அன்று வெட்டியான் மதுரைவீரன் வாசலில் நின்று கேட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. "பாய் இருக்குதுங்க. தலகாணி எங்கங்க?" அழுதுகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "அது நைஞ்சுபோயி முன்னமே எறிஞ்சாச்சு," என்றாள்.

எறியவில்லை. மனசு வரவில்லை போலிருக்கிறது, பாவம்.

உறையின் நடுவில் சின்னக் கிழிசல். பிறை மாதிரி. எலி கடித்திருக்கும். அவன் உறையைப் பிரித்துக் கொட்டகையின் மூலையில் போட்டான். பஞ்சு அருமையான பஞ்சு, கட்டி தட்டாமல் இருந்தது. உதறி, பிரித்து, இடது பெட்டிக்குள் ஒரு பிடிகூட மிச்சமில்லாமல் அடைத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் காற்று என்று நினைத்தான். ஆடிக் காற்று அந்த ஊரில் சும்மா வராது. சுரங்கத்து வெள்ளைப் புழுதியை வாரிக்கொண்டு வந்து முருங்கை இலையில், துணிக்கொடியில், குடத்துத் தண்ணீரில் படிய வைத்துவிட்டு, தகரத்தின் ஓட்டை வழியாக ஊதல் போட்டுக்கொண்டு நுழையும். அந்த ஊதலுக்குக் கீழே, அதோடு சேராமல், அதைவிட மெதுவாக, வேறொன்று இருந்தது. கர்ரென்று இழுத்தது. நடுவில் நின்றது.

அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வருஷப் பழக்கம்.

புஸ்.

இடது பெட்டியின் கோன் வெளியே வந்து உள்ளே போனது.

அவன் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது வேறு. "அப்பா" என்று அவன் வாய் தானாகச் சொல்லியிருந்தது. கிட்டே போய் மண்டியிட்டு, கோனருகே காதை வைத்தான். தைல வாசனை. வெதுவெதுப்பு.

பிறகு பெட்டிக்குள் சைரன் ஊதியது.

சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும்முன் ஊதுகிற மதியச் சைரன். ஊருக்கே அதுதான் சோற்று மணி. வெளியே அப்போது சைரன் ஊதவில்லை. பொழுது சாயப் போகிற நேரம். ஆனால் பெட்டிக்குள், தூரத்தில், பஞ்சு வழியாக, சைரன் நீளமாக ஊதி ஓய்ந்தது. மூச்சு வேகமானது. பிறகு மூச்சின்மேல் எதுவோ விழுந்தது. சத்தம் அமுங்கிப்போனது. அமுங்கிய சத்தத்துக்குள் ஒரு முனகல், ஒரு முட்டல், துணியைப் பற்களால் பற்றி இழுப்பதுபோல் ஒரு நறநறப்பு. அதற்கு மேலே, மிகக் கிட்டத்தில், கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. விடாமல். வெகுநேரம். தூரத்தில் வெடி 'தொம்' என்று அதிர்ந்தது.

அதற்குப் பிறகு மூச்சு இல்லை.

கடைசியாகப் பெட்டி படபடவென்று முறிந்தது. ஒட்டு விட்டுவிட்டது போல. கடைசியில் தனியாக ஒரு 'டக்'.

அவன் எழுந்து நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தான். ஒட்டு விடவில்லை.

அப்பாவின் உயிர் போனது மதியச் சைரன் ஊதிய நேரத்தில்தான். வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். "மாவு அரைக்க மில்லுக்குப் போயிட்டு வந்து பாத்தா கட்டையாக் கெடக்குறாரே! சைரன் ஊதும்போது போயிருக்குதே உசுரு!"

அம்மா மில்லில் இருந்தாள். அவன் ஆலையில் இருந்தான்.

வீட்டில் இருந்தது ஒருத்திதான். கட்டிலில் படுத்திருக்கிற அவள் கைகளில் இப்போதும் டஜன் கண்ணாடி வளையல்கள். அம்மாவின் கைகள் வெறும் கைகள்.

அன்றிரவு அவனால் ஹேமலதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் இடது பெட்டியை டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் அரியமுத்துவிடம் போனான். ஸ்பீக்கர் கொடுத்தவன் அவன்தான். விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னான்.

"மூச்சு விடுதா?" அரியமுத்து கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டான். "யோவ், உங்க ஊரு புழுதியில மனுசனுக்கே இழுப்பு வருது. பொட்டிக்கு வராதா? ஒரு பாட்டில் டானிக் வாங்கி ஊத்து."

"விளையாடாதண்ணே. பாத்துச் சொல்லு."

அரியமுத்து கோனை அழுத்திப் பார்த்தான். மெதுவாக வந்து நின்றது. ஆம்ப்ளிஃபையரில் மாட்டினான். பெட்டி அழகாகப் பாடியது. அந்தக் கடைக்கு முன் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"தங்கமாப் பாடுது. இதப் போயி குத்தம் சொல்றியே," என்றபடி அவன் ஸ்குரூவைக் கழற்றி ஸ்பீக்கரைத் தூக்கினான். உள்ளே கையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து வேட்டியில் துடைத்தான்.

"என்னய்யா பஞ்சு இது? ஈரமா இருக்கு."

"ஈரமா? காஞ்ச பஞ்சுதானே வச்சேன்."

அரியமுத்து விரலை முகர்ந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"தைலம் அடிக்குது. எச்சி வாடையும் அடிக்குது. முத்தமிழு, இத முதல்ல எடுத்துக் கொளுத்து. கேக்காத எதுவும். கொளுத்து."

கொளுத்தவில்லை. கொளுத்தினால் அப்பாவின் மூச்சு போய்விடும். அதைவிட, அவனுக்கு இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. இன்னும் கூர்ந்து கேட்டால் அந்த வளையல்காரியின் குரல் கேட்குமோ என்று. ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குப் போனான். ஒவ்வொரு நாளும் அதே வரிசை. சைரன், மூச்சு, வளையல், வெடி, முறிவு. பொறுமையாகக் கேட்டான். ஒருநாள், வளையல் சத்தத்துக்கு நடுவில், ஒரு பெண் கிசுகிசுப்பது கேட்டது.

"கொஞ்ச நேரந்தான்... கொஞ்ச நேரந்தான்..."

குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். கிசுகிசுப்பில் யார் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அன்று அவன் கட்டிலருகே போய் நின்றான்.

"அப்பா போன அன்னைக்கு நீ எங்க இருந்த?"

ஹேமலதா வாரப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுத்தாள். "எதுக்கு இப்பப் போயி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கொல்லையில துணி தொவச்சுக்கிட்டிருந்தேன். உங்க அம்மா கத்துனதக் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

"அம்மா மில்லுலேருந்து வரவரைக்கும் உள்ளேயே வரல?"

"மில்லா?" அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்து, வலியில் முகம் சுருங்கி, மறுபடி சாய்ந்தாள். மூச்சு விடும்போது அவள் மூக்கில் எப்போதும் வரும் அந்த மெல்லிய விசில் வந்தது. கல்யாணமான புதிதில் அவன் கேலி செய்த விசில். "அன்னைக்குக் கரண்டே இல்லீங்க. பம்பு போட முடியாம நான் அடிகொழாயில தண்ணி அடிச்சுத் தொவச்சேன். எந்த மில்லு ஓடிச்சு?"

அவன் அவள் கை வளையல்களையே பார்த்தான்.

"நேராக் கேளுங்க. என்ன நெனச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்காம சுத்துறீங்க? உங்க அப்பாவுக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

"யாரு இப்ப கொறை சொன்னா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. என்ன திருமானூர்ல எங்க அண்ணன் வூட்டுல கொண்டு போயி விட்டுடுங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அம்மா ராத்திரியெல்லாம் உக்காந்து என்னையே பாக்குறாங்க. நான் முனகுனா அழுவுறாங்க. மாமாவ இப்படித்தாங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"எங்கம்மா உன் பீ மூத்திரம் அள்ளுது. நன்றி சொல்ல வேணாம், வாயையாவது அடக்கு."

அவள் பூப்போட்ட தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் வெளியே வந்தபோது அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள்.

"திருமானூருக்கா? போற ஒடம்பா அது? ஆட்டோவுல குலுங்கிக்கிட்டுப் போனா எலும்பு என்னாவுறது?" அவள் கண் கலங்கியிருந்தது. "வேணாம் தம்பி. அந்தப் புள்ள ரொம்பக் கஷ்டப்படுது. நான் பாத்துக்கறேன்."

அடுத்த நாள் அவனுக்கு வார லீவு. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. கரண்டு இல்லை. காற்று கொட்டகையின் தகரத்தைத் தூக்கித் தூக்கி அறைந்துகொண்டிருந்தது. பஞ்சைக் கொளுத்திவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தான். உண்மை எதுவாக இருந்தாலும் அது வேண்டாம். ஹேமாவை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து யோசிக்கலாம்.

இடது பெட்டியின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஸ்பீக்கரைத் தூக்கி வைத்துவிட்டு, பஞ்சை வாரி வாரிச் சாக்கில் போட்டான். ஈரமாக, வெதுவெதுப்பாக, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. காலியான பெட்டி வெறும் பெட்டியானது. அதற்குள் இப்போது எந்தச் சத்தமும் இல்லை.

மூலையில் கிடந்த பழைய உறையும் போகட்டும் என்று எடுத்தான். கிழிசல் கண்ணில் பட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பிடித்தான்.

எலி கடித்தால் ஒரு பக்கமாகக் குதறும். இது அப்படி இல்லை. மேலே ஒரு பிறை. அதற்குக் கீழே, எதிரே, இன்னொரு பிறை. மேல் பிறையில் ஒரு இடத்தில் மட்டும் துணி கிழியாமல் முழுசாக இருந்தது.

அப்பாவுக்கு மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

வளையல். வளையல் போட்ட கை. அம்மாவின் வெறும் கை. ஆனால் அம்மாவின் கை எப்போது வெறும் கையானது? பதினாறாம் நாள் காரியத்தில் அல்லவா உடைத்தார்கள்? அப்பா சாகும்போது அம்மா கையிலும் வளையல் இருந்தது. சிவப்பு வளையல். கை நிறைய.

அன்று கரண்டு இல்லை. ஆலத்தியூர் லைனை அன்று பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் அவன். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தான். எந்த மில்லும் ஓடவில்லை.

வெளியே சைரன் ஊதியது.

நிஜச் சைரன். சுரங்கத்திலிருந்து, புழுதிக் காற்றில் ஏறி இறங்கி வருகிற மதியச் சைரன். அவன் உறையைக் கீழே போட்டுவிட்டு வாசலை நோக்கித் திரும்பினான்.

பின்னால் மூச்சு கேட்டது.

இடது பெட்டி காலி. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

வலது பெட்டி.

இத்தனை நாள் வாயே திறக்காத வலது பெட்டி. புதுப் பஞ்சு வைத்த பெட்டி. அதன் கோன் மெல்ல வெளியே வந்தது. உள்ளே போனது. கர்ரென்ற இழுப்பு இல்லை. தடுக்கி நிற்கவில்லை. இது வேறு மூச்சு. சீரான, தூங்குகிற மூச்சு. விடும்போது மெல்லிய விசில்.

ஹேமா.

இந்தப் பஞ்சும் அவள் தலையணைப் பஞ்சும் ஒரே பையில் இருந்தவை. அவன் கையால் பிரித்தவை.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பழகிய காது குனிந்து கேட்டது. சேலை உரசும் சத்தம். கட்டில் ஸ்பிரிங் அமுங்கும் சத்தம். தலையணையை மெதுவாக, தூங்குகிறவளுக்குத் தெரியாமல், தலைக்குக் கீழேயிருந்து உருவும் சத்தம். வளையல் சத்தமே இல்லை. கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், அன்பாக ஒரு குரல்.

"கொஞ்ச நேரந்தான் தாயி."

விசில் அறுந்தது.

ஓடினான். மரத்தூளில் வழுக்கினான். எழுந்தான். கொல்லை. துணிக்கொடி. முகத்தில் ஈரச் சேலை. பிடுங்கி எறிந்தான். கொல்லைக் கதவு. தள்ளினான். உள்தாழ்ப்பாள்.

"அம்மா!"

அறைந்தான். தோளால் முட்டினான். தேக்குக் கதவு. அவனே இழைத்து அவனே மாட்டியது. சந்தே இல்லாத கதவு.

"அம்மா! கதவத் தெற! ஹேமா!"

உள்ளே மாவுக்கட்டு கட்டில் சட்டத்தில் இடித்தது. ஒருமுறை. இன்னொரு முறை. மெதுவாக ஒருமுறை.

தூரத்தில் வெடி அதிர்ந்தது. தொம். ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் படபடவென்று முறிந்தது. ஒரே ஓட்டமாக. ஒட்டு விடுவதுபோல. அவன் கதவைப் பிடித்தபடியே காத்திருந்தான். வரப்போவது தெரியும்.

டக்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. அம்மா கதவைத் திறந்தாள். கண்கள் அழுது சிவந்திருந்தன. நெற்றியில் திருநீறு. முகத்தில், நாளெல்லாம் வேலை செய்து களைத்தவள் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்கிறபோது வருகிற ஒரு நிம்மதி.

"காத்துக்குக் கதவு அடிச்சுக்குதுன்னு தாழ் போட்டேன். எதுக்குடா இப்படிக் கத்துற?" விரலை உதட்டில் வைத்தாள். "இப்பத்தான் தூங்குது புள்ள. பாவம், வலியே இல்லாம தூங்குது."

அவள் தோளுக்குமேல் கட்டில் தெரிந்தது. மாவுக்கட்டுக் கால் சட்டத்துக்கு வெளியே தொங்கியது. ஒரு கை தரையை நோக்கி நீண்டிருந்தது. அதன் கீழே உடைந்த வளையல் துண்டுகள் இரண்டு. கன்னத்தில் இரண்டு பக்கமும், வழித்துவிட்ட திருநீற்றின் விரல் தடங்கள்.

அம்மா பூப்போட்ட தலையணையை இடுப்பில் குழந்தைபோல வைத்திருந்தாள். நடுவில் துணி ஈரமாக இருந்தது. ஈரத்தில் மேலே ஒரு பிறை. கீழே ஒரு பிறை.

"நீயுந்தான் தூங்கி எத்தன நாளாச்சு சாமி. கண்ணு ரெண்டும் உள்ள போயிக் கெடக்குது. எனக்குப் பாக்கவே முடியல." அவள் பாயை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையணையைப் பக்கத்தில் வைத்து, மெதுவாகத் தட்டிச் சரி செய்தாள். "வா. இப்படி வந்து படு."

சுரங்கத்துச் சைரன் எப்போதோ ஓய்ந்துவிட்டிருந்தது. வெளியே காற்று மட்டும் இருந்தது. அவனுக்குப் பின்னால், கொல்லையைத் தாண்டி, திறந்து கிடந்த கொட்டகைக்குள்ளிருந்து, தூரத்தில் ஊதுவதுபோல, பஞ்சு வழியாக, சைரன் மறுபடி முதலிலிருந்து ஊத ஆரம்பித்தது.